அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு வேறொன்று

அப்பாவுக்கு 68 வயது. ஸ்டென்ட் வைத்தாயிற்று, சுகரும் உண்டு. அம்மாவுக்கு 63, பிரஷர் மாத்திரை ஒன்றோடு சரி. மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக ஃப்ளோட்டர் போடச் சொன்னார் ஏஜென்ட். அதில் பெரியவர் வயதை வைத்துத்தான் ப்ரீமியம். அப்பாவின் வயதுக்கு அம்மாவும் கட்ட வேண்டுமா? வேண்டாம் என்றுவிட்டோம்.

மிஞ்சியவை இரண்டு. முதியோருக்கென்றே உள்ள பாலிசி ஒன்று. ஸ்டார் ஹெல்த்தின் ரெட் கார்ப்பெட் பலருக்கும் தெரிந்த உதாரணம். 60 முதல் 75 வயதுக்குள் சேரலாம், மெடிக்கல் டெஸ்ட் கேட்பதில்லை, சேருமுன்பே இருந்த பழைய நோய்க்குக் கிளைம் கிடைக்க 12 மாதம் காத்திருந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு கிளைமிலும் 30 சதவீதம் கோ-பே, அதாவது நம் கைக்காசு. இன்னொன்று எல்லா வயதினருக்குமான பாலிசி. கோ-பே இல்லாமலே வாங்கலாம். 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேரத் தடையாக இருந்த வரம்பையும் 2024இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், ஸ்டென்ட் என்றதும் மறுக்கலாம், பழைய நோய்க்கு 36 மாதம் வரை காக்க வைக்கலாம்.

ப்ரீமியத்தை மட்டும் பார்ப்பவர்கள் ரூம் வாடகை வரம்பில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாலிசி தரும் வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய், எடுத்த ரூம் 10,000 என்று வையுங்கள். வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைத்தான் கம்பெனி ஏற்கும். மருந்து, ஸ்டென்ட் போன்ற பொருட்கள், ஸ்கேன் வகையறா மட்டும் தப்பும். 4 லட்சம் பில்லில் அப்படி வெட்டுப்படும் பகுதி 2,40,000 என்றால் 1,20,000 போயிற்று. மீதி 2,80,000இல் 30 சதவீத கோ-பே 84,000. கம்பெனி தருவது 1,96,000. நாம் கட்டுவது 2,04,000. பாதிக்கு மேல் நம் தலையில்! மலிவான பாலிசியின் லட்சணம் டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரியும்.

அதனால் அம்மாவுக்கு ரூம் வரம்பும் கோ-பேயும் இல்லாத சாதாரண பாலிசி. ப்ரீமியம் கூடுதல்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி போனதில் கொஞ்சம் ஆறுதல். அப்பாவுக்கு 36 மாதம் காத்திருப்பது சூதாட்டம். அவருக்கு முதியோர் பாலிசியே சரி. அந்த 30 சதவீதத்துக்கென்று பேங்கில் 2 லட்சம் எஃப்டி தனியாகக் கிடக்கிறது.

விண்ணப்பப் பாரத்தில் சுகர், ஸ்டென்ட் இரண்டையும் எழுதினோம். "எழுதாம விட்டா ப்ரீமியம் குறையும் சார்" என்றார் ஏஜென்ட். மறைத்ததைக் காட்டி 60 மாதம் வரை கிளைமை மறுக்க முடியும் என்பதை அவர் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு வருடத்தில் அப்பாவுக்கு 70. அப்போது மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு வாங்கலாம்: வருமான வரம்பு கிடையாது, பழைய நோய்க்குக் காத்திருப்பு கிடையாது, குடும்பத்தில் 70 நிரம்பியவர்களுக்குச் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம். தனியார் பாலிசி இருந்தாலும் தருவார்கள். ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில்தான் செல்லும். அப்பாவின் இதய டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய பாலிசியைத் தொடர்வதா என்று முடிவெடுப்போம்.