பழைய பெயர், புதுச் சட்டை: வேலூரில் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு

தீபாவளி நெருங்கினால் குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு பக்கமிருந்தெல்லாம் துணி எடுக்க வேலூருக்கு பஸ் ஏறுவார்கள். வீட்டில் ஆண்களுக்கு எடுப்பது கடைசியில்தான். புடவையும் பிள்ளைகளின் டிரஸ்ஸும் முடிந்து, கால் வலிக்க ஆரம்பித்த பிறகு, "உங்களுக்குத்தான் அந்தக் கம்பெனி இருக்கே, அங்கேயே ரெண்டு எடுத்துக்குங்க" என்று ஒரு பேச்சு வரும். துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் காலர் அளவை மட்டும் சொல்லி, பில் போட்டு வாங்கி வந்துவிடுவோம். இந்த நம்பிக்கையைத்தான் அந்தக் கம்பெனி இப்போது காசாக்கிக்கொண்டிருக்கிறது.

கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, பக்கத்து ஷோரூமில் அதே லட்சணத்தில் இன்னொன்றை வாங்கி வருவீர்கள். ஆபீஸ் போகிறவர்கள் ரொம்ப காலமாக நம்பிப் போடும் சட்டை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா போட்டார், நானும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதையேதான் போட்டேன். அப்போது வாங்கிய வெளிர்நீலச் சட்டை ஒன்று இன்னும் இருக்கிறது. காலர் தேய்ந்ததும் திருப்பித் தைத்துப் போட்டேன். துணி அப்படியே நிற்கிறது.

போன வருடம் தள்ளுபடி நேரத்தில் மூன்று முழுக்கைச் சட்டைகள் எடுத்தேன். இரண்டு முழு விலை, ஒன்று கழிவில். மூன்றும் சில சலவைகளுக்குள் பல்லைக் காட்டிவிட்டன. முதலில் காலர். மேல் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. இஸ்திரி போட்டால் படியும், கழுத்தில் வியர்வை பட்டதும் திரும்ப எழும்பும். அப்புறம் உயரம் சுருங்கியது. பேன்ட்டுக்குள் விட்ட சட்டை, பைக்கில் உட்கார்ந்தாலே பின்னால் வெளியே வந்துவிடும். மணிக்கட்டுப் பட்டன் ஒன்று அறுந்து விழுந்தது, மாற்றுப் பட்டனைத் தேடினால் உள்பக்கம் எங்குமே இல்லை. என் பழைய சட்டையில் அடிமடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு பட்டன்களைத் தைத்தே கொடுத்திருந்தார்கள்.

கடைக்கு எடுத்துப் போனேன். விற்பனையாளர் பையன் மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் பதில் தயாராக இருந்தது. "நம்மூரு போர் தண்ணி சார், உப்பு ஜாஸ்தி. அதான் காலர் இப்படி ஆவுது." பழைய சட்டையும் இதே சத்துவாச்சாரி போர் தண்ணீரில்தான் இத்தனை வருடமும் ஊறியது என்றேன். மேனேஜர் வந்தார். கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம் என்று மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் இழுத்து ஒருநாள் போன் வந்தது, "சரியாயிடுச்சு சார், வந்து வாங்கிக்குங்க." போய்ப் பார்த்தால் காலர் பலகை மாதிரி மொடமொடவென்று நின்றது. வீட்டில் ஒரு முறை அலசிக் காயவைத்ததும் அத்தனை கொப்புளமும் அதே இடத்தில். ஆவி இஸ்திரி போட்டு அழுத்தி அனுப்பியிருக்கிறார்கள், வேறொன்றும் செய்யவில்லை. சட்டையின் தரத்தைவிட இந்த வேலைதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கிளப்பியது.

எங்கள் தெருமுனையில் தைக்கும் பாயிடம் பழையதையும் புதியதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பேசவே இல்லை. இஞ்ச் டேப்பைத் தையல் மேல் வைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக எண்ணினார். பழைய சட்டையின் பக்கத் தையலில் ஒரு இஞ்சுக்குப் பதினேழு, புதியதில் பத்து. "இன்னா சார் இது, ஓட்டமா ஓட்டிட்டு போயிருக்கான்" என்றார். தையல் நீளமாகப் போனால் மெஷின் வேகமாக நகரும், நூலும் நேரமும் மிச்சம், ஆனால் இழுவைக்குத் தாங்காது. பழையதில் துணியின் ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தது. புதியதில் ஓரத்தை வெட்டி ஓவர்லாக் அடித்து விட்டிருக்கிறார்கள். உள்ளே திருப்பிப் பார்த்தால் பனியன் துணி மாதிரி பிசிறு தெரிகிறது.

பட்டனைக் காட்டினார். பின்பக்கம் தொங்கிய நூல்முனையைப் பிடித்து லேசாக இழுத்தார், மொத்த நூலும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்து பட்டன் அவர் கையிலேயே விழுந்தது. ஒற்றை நூலில் சங்கிலித் தையலாகப் போட்டு முடிச்சில்லாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். காலருக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸ் இன்னொரு கதை. இப்போது பெரும்பாலும் பசை தடவிய கேன்வாஸைச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள். அதில் தப்பில்லை, என் பழைய சட்டையும் ஒட்டியதுதான். சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், மேல் துணியையும் முன்பே சுருக்கி எடுத்திருக்க வேண்டும். மேல் துணி நீர் பட்டுச் சுருங்கி, உள் கேன்வாஸ் சுருங்காமல் இருந்தால் பசை விட்டு இடையில் காற்று புகுந்து கொப்புளம் எழும். உயரம் சுருங்கியதற்கும் காலர் எழும்பியதற்கும் வேர் ஒன்றே. இதற்கு நம்மூர்த் தண்ணீரைக் குறை சொல்வது அநியாயம்.

துணி விஷயம் வாங்கும்போதே தெரிந்திருக்கும், தேடினால். முன்பக்க அட்டையில் பெரிதாக "காட்டன் ரிச்" என்று போட்டிருக்கிறது. இடுப்புப் பக்கத் தையலுக்குள் பொடி எழுத்தில் துணிப்பட்டை: 60% பருத்தி, 40% பாலியெஸ்டர். பொய் இல்லை, பாதிக்கு மேல் பருத்திதான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கிறவனுக்கு அந்த நாற்பதுதான் முதுகில் ஒட்டும்.

ஏன் இப்படி ஆனது என்பதை ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. 2022 மே மாதத்தில் பருத்தி விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப் போனது. திருப்பூர், ஈரோடு பக்கம் மில்காரர்கள் தவித்தார்கள். அப்புறம் பருத்தி விலை இறங்கியது, சட்டை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. செலவு ஏறினால் விலையை ஏற்றுங்கள், நாங்கள் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்கிறோம். இவர்கள் விலையை ஏற்றாமல் சட்டையை இறக்கிவிட்டார்கள், பெயரும் அட்டையும் பழையபடி. இன்னொன்றும் உண்டு. தள்ளுபடிக்கென்றே தனியாக மலிவாகத் தைத்து, அதே முத்திரை குத்தி அனுப்பும் வழக்கம் ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கிறது. மிஞ்சிய சரக்கைக் கழிவில் தருகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அட்டையில் "தயாரிப்பு" என்ற இடத்தில் யார் பெயர், "விற்பனை" என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள். என் மூன்று சட்டைகளிலும் தயாரித்தது வேறு வேறு ஆள்.

திரும்பவும் கடைக்குப் போனபோது மேனேஜர் பில்லைத் திருப்பிக் காட்டினார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." பலர் இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை இப்படி விடவில்லை. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுத்தால் அது முறையற்ற வணிகம். கலர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு இது உதவாது, குறை இருக்க வேண்டும். ஆகவே முதல் சலவையிலேயே கண்டுபிடித்து உடனே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். நான் புகாரைப் பதிவு செய்து, கொப்புளம் விட்ட காலரின் படத்தை அனுப்பினேன். அதுவரை கூப்பன் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி, முழு விலைக்கு எடுத்த இரண்டுக்கும் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டது. கழிவில் எடுத்ததற்கு மட்டும் முடியாதாம், தள்ளுபடிப் பொருளுக்கு உத்தரவாதம் இல்லையாம். தள்ளுபடியில் விற்றால் கெட்ட தையல் நல்ல தையலாகிவிடுமா? அந்த ஒன்றுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு சட்டைக்கு இவ்வளவா என்று மனைவி கேட்கிறாள். ஆமாம், இவ்வளவுதான்.

ஷோரூமுக்குள் போனால் சட்டையை முதலில் உள்புறமாகத் திருப்புங்கள், விற்பவர் முகம் மாறினாலும் பரவாயில்லை. தையல் நெருக்கமா, ஓரம் மடித்திருக்கிறதா, மாற்றுப் பட்டன் இருக்கிறதா, உள்பட்டையில் என்ன துணி என்று பாருங்கள். கட்டம் போட்ட சட்டை என்றால் பாக்கெட்டின் கட்டம் மார்புக் கட்டத்தோடு சேருகிறதா என்றும் பாருங்கள். வெட்டும்போதே கவனம் இருந்தால்தான் அது சேரும். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் வரும் அந்த வழுவழுத் தாள் சூடு பட்டால் கறுக்கும், நாளானால் எழுத்து மங்கும். கேட்கப் போகும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.