வெள்ளவத்தையில் ஏசி: குளிரைவிட ஈரத்தைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் கடற்கரைக்குக் கிட்டத்தான் எங்கள் தொடர்மாடி. படுக்கையறையில் 9000 பிடியு குளிரூட்டும் திறனுள்ள, கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வேர்ட்டர் ஏசி பூட்டிச் சில வருடங்களாகின்றன. கொழும்பில் ஏசி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: எவ்வளவு குளிரும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்று கேளுங்கள்.

இங்கே பகல் வெப்பம் வருடம் முழுக்க 30 பாகையை ஒட்டித்தான் நிற்கும். ஆளை வாட்டுவது புழுக்கம். 30 பாகையில், 80 சதவீத ஈரப்பதனுள்ள காற்றின் ஒரு கன மீற்றரில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். 26 பாகை, 55 சதவீதம் என்றால் 13 கிராம்தான். உள்ளே வரும் ஒவ்வொரு கன மீற்றர் வெளிக்காற்றிலிருந்தும் 11 கிராமை ஏசி பிழிந்தெடுக்க வேண்டும். காற்றிலுள்ள நீராவியை ஒரு லீற்றர் நீராக ஒடுக்குவதற்கு அகற்றவேண்டிய வெப்பம் ஏறத்தாழ 0.68 கிலோவாற்று மணி. அதனால்தான் ஏசி பூட்டுவதற்கு முன்பே யன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தையும் கதவடி இடைவெளியையும் அடைத்தோம். காலையில் ஏசியை நிறுத்தியதும் யன்னல்களை அகலத் திறந்துவிடுகிறோம். மூடிய அறைக்குப் புதுக்காற்று கட்டாயம் வேண்டும்.

கடையில், "பெரிசாப் போடுங்கோ, டக்கெண்டு குளிரும்" என்றார்கள். டக்கென்று குளிர்வதுதான் பிரச்சினை. அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் வெப்பநிலையை உடனே இறக்கிவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. பழைய வகை ஏசியில் கொம்பிரசர் நின்றபின்னும் உள் ஃபேன் சுற்றினால், கொயிலில் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளில்) படிந்த நீர் திரும்ப ஆவியாகி அறைக்கே வரும். தோல் சில்லென்றிருக்கும், மெத்தை பிசுபிசுக்கும்.

இன்வேர்ட்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கொம்பிரசர் மிக மெதுவாக ஓடும்போது கொயிலின் குளிர் குறைந்து, ஈரம் இழுப்பதும் குறையும். மழை நாள் இரவுகளில் இதை நன்றாக உணரலாம். அப்போது நான் ஈரம் இழுப்பதற்கென்றே உள்ள டிரை மோடுக்கு மாற்றுவேன், அல்லது ஏசி ஃபேன் வேகத்தைக் குறைப்பேன்: காற்று மெதுவாகப் போனால் கொயில் குளிர்ந்தே இருக்கும். மற்ற நாட்களில் 26 அல்லது 27 பாகையும் சீலிங் ஃபேனும் தாராளம். சுவரில் ஒரு சின்ன ஈரமானி மாட்டியிருக்கிறேன். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அலுமாரியில் பூஞ்சணம் பிடிப்பதில்லை.

பட்டுச்சேலையும் புத்தகமும் இருக்கும் அறைக்குத் தனி ஈரநீக்கி வைத்திருக்கிறோம். அது தன் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுவதால் தூங்கும் அறைக்கு ஒத்துவராது.

மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால், 180 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பதே எங்கள் கணக்கு. மாதாமாதம் வடிகட்டியைக் கழுவுகிறோம். உப்புக்காற்று வெளி அலகின் தகடுகளைத் தின்றுவிடும். அதை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுவியுங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கத்தில் குடியிருந்தால், அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள வெளி அலகாகவே கேட்டு வாங்குங்கள்.