வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர்: உறையூரில் எங்கள் ஆறு வாரம்

அம்மாவுக்கு 86 வயது, உணவுக்குழாயில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக, பாலியேட்டிவ் கேர் (நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கும் கவனிப்பு) தரும் இந்த டிரஸ்ட் கிடைத்தது. வாரம் இரண்டு நாள் நர்ஸ் வருவார், பதினைந்து நாளுக்கொரு முறை டாக்டர்.

முதல் நாள் டாக்டர் எங்களிடம் பேசவே இல்லை. நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, "உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு பாட்டி?" என்றார். வலியைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன். "காபி இறங்க மாட்டேங்குது. அதுக்காகக் குழாய் மட்டும் வச்சிராதீங்க" என்றாள். எங்களுக்கே அது புதுச் செய்தி.

அதை எழுதி வைக்கச் சொன்னதும் அவர்தான். கடைசி நேரத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் இந்த உயில் (லிவிங் வில்) 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே உண்டு. அப்போது மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். 2023இல் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்று மாற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டார் இருவர் சாட்சி. அம்மா கண்ணாடி போட்டு வரிக்கு வரி படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். ரேஷன் கார்டுக்குக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

மார்ஃபின் என்றதும் அக்கா அழுதாள், கடைசிக்குக் கொடுப்பது என்று. வலிக்குத்தான் என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். நாலு மணிக்கொரு மாத்திரை, மலச்சிக்கல் வரும் என்பதால் கூடவே அதற்கும் மருந்து. மூன்றாம் நாள் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கினாள். அப்புறம் காபி: தலையணை வைத்து நிமிர்த்தி, டீஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. அரை டம்ளருக்கு முக்கால் மணி நேரம். சூடு ஆறிவிட்டது என்று திட்டும் விழும்.

குறை என்றால் ராத்திரிதான். 24 மணி நேரமும் என்று போட்டிருக்கும் எண்ணை ஒரு ஞாயிறு இரவு நாலு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அம்மா தொண்டையில் களகளவென்று சத்தம். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனேன், அக்காதான் உயிலைக் காட்டித் தடுத்தாள். விடியும்போது நர்ஸே கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத்துணியால் உதட்டை ஒற்றச் சொன்னார். இப்படிச் சத்தம் வரும் என்று முன்னமே சொல்லியிருக்கலாம். சேருகிறவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா செவ்வாய்க்கிழமை போனாள், வீட்டில், குழாய் எதுவும் இல்லாமல்.

காரியம் முடிந்து, டிரஸ்டில் வாங்கியிருந்த காற்று மெத்தையைத் திருப்பிக் கொடுத்தேன். முன்பணம் முழுதாக வந்தது. மோட்டார் கொஞ்சம் இரைகிறது, அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.