மூன்று சென்னை அணிகள், ஒரே கோவா

2023-24 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்சி 22 ஆட்டங்களில் 27 பாயிண்ட் எடுத்தது. ஆறாவது இடம். பிளேஆஃப் போய், கோவாவிடம் 2-1 என்று தோற்று வெளியே வந்தது. அடுத்த சீசனிலும் அதே 27 பாயிண்ட்தான், ஆனால் 24 ஆட்டங்களில். இடம் பதினொன்று. மொத்தமே 13 அணிகள் ஆடிய லீகில் நமக்குக் கீழே ஹைதராபாத்தும் மொகமதனும் மட்டும். இரண்டு சீசனுக்கும் கோச் ஒருவரே, ஓவன் காயில்.

அணி இப்படிச் சறுக்கும்போதெல்லாம் நேரு ஸ்டேடியத்தை விட்டு வெளியே வருகிற கூட்டத்தில் பேச்சு பழைய அணிகளுக்குத் தாவிவிடும். "ஒரு மெண்டோசா இருந்திருந்தா இந்த மேட்ச்ச அவனே முடிச்சிருப்பான் மச்சான்" என்பார் ஒருவர். "ஜான் கிரெகரி டீம்ல இப்படியா கோல் விட்டாங்க?" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ என்று பெருமூச்சு விடுவார். 2015, 2018, 2020 என்று மூன்று கட்சிகள். முதல் இரண்டும் கோப்பை வென்ற அணிகள், மூன்றாவது இறுதிப்போட்டியில் தோற்ற அணி. எது சிறந்த அணி என்ற சண்டை இன்னும் தீரவில்லை. நான் 2018 கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தச் சண்டைக்கு நமக்கு வசதியாக ஓர் அளவுகோல் இருக்கிறது: கோவா. மூன்று அணிகளுமே நாக் அவுட்டில் கோவாவை வென்றிருக்கின்றன. 2015 இறுதிப்போட்டியில் 3-2. 2018 அரையிறுதியில் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-1. 2020 அரையிறுதியில் 6-5. இந்த மூன்று ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒவ்வொரு அணியின் குணமும் தெரிந்துவிடும்.

2015-இலிருந்து தொடங்குவோம். மார்கோ மாட்டரேசி கோச், எலானோ பெரிய பெயர், ஆனால் ஓடியதும் அடித்ததும் கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா. 13 கோல், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி, தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. நவம்பர் மாத நடுவில் அட்டவணையின் அடியில் கிடந்த அணி அது. அங்கிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று 22 பாயிண்டோடு மூன்றாவதாக ஏறியது. அரையிறுதி நேரத்தில் ஊர் வெள்ளத்தில் கிடந்தது. நம் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் பிழைத்தார்கள். அந்த ஒரு கோலை அடித்தது, முந்தைய சீசனில் கொல்கத்தாவுக்கே ஆடிய ஃபிக்ரு. ஐஎஸ்எல்லின் முதல் கோலை அடித்தவரும் அவர்தான். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஆனால் கோவாவின் சொந்த மைதானமான ஃபட்டோர்டாவில் நடந்த அந்த இறுதிப்போட்டியைக் கொஞ்சம் நிதானமாகத் திரும்பப் பாருங்கள். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டையுமே கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார். முதலாவதில் திரும்பி வந்த பந்தை பெலிசாரி உள்ளே தள்ளியதால் ஒரு கோல். இரண்டாவது மெண்டோசா அடித்தது, வீண். 87-வது நிமிடத்தில் ஹோஃப்ரே அடித்த கோலில் நாம் 2-1 என்று பின்தங்கியிருந்தோம். 90-வது நிமிடத்தில் அதே கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். இன்ஜுரி டைமில் மெண்டோசா மூன்றாவதை அடித்தார். அந்த ராத்திரி யாருக்கும் தூக்கமில்லை, சரி. ஆனால் எதிரணி கோல்கீப்பர் இரண்டு பெனால்டியைப் பிடித்துவிட்டு ஓர் ஓன் கோல் போட்டதால் கிடைத்த கோப்பையை வைத்து, அதுதான் நம் சிறந்த அணி என்று எப்படி வாதாடுவது?

2015 கட்சிக்காரர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த அணி லீகில் 14 ஆட்டங்களில் 25 கோல் அடித்தது, 15 மட்டுமே விட்டது. அதாவது ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று கணக்கிட்டால் தாக்குதலில் 2020 அணிக்குச் சமம், தடுப்பில் 2018 அணிக்குச் சமம். எண்களை மட்டும் பார்த்தால் அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள். ஆனால் அன்றைய விதி வேறு. களத்தில் இருக்கும் பதினொரு பேரில் ஆறு பேர் வெளிநாட்டுக்காரர்களாக இருக்கலாம். 2017-18-இல் அது ஐந்தாகக் குறைந்தது. 2021-22 முதல் நான்கு. மாட்டரேசியின் அணியை இன்றைக்கு இறக்கினால் எலானோ, மெண்டி, பெலிசாரி, அகஸ்டோ என்று வரிசையில் இருப்பவர்களில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார வேண்டும். அவர்கள் இடத்தில் ஆட இரண்டு இந்தியர்கள் தயாராக இருந்தார்களா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பழைய அணியையும் புதிய அணியையும் ஒப்பிடுவது நியாயமே இல்லை.

2018-க்கு, அதாவது 2017-18 சீசனுக்கு வருவோம். ஜான் கிரெகரி கோச். ஆட்டத்துக்கு ஒன்றரை கோல்கூட அடிக்காத அணி, 18 ஆட்டங்களில் 24. "போரிங் டீம்" என்ற கிண்டல் அப்போதே இருந்தது. ஆனால் எதிரே யார் என்று பாருங்கள். அந்த வருடக் கோவா லீகில் 42 கோல் அடித்த அணி. கோரோ மட்டுமே 18. லான்சரோத்தே 13. அப்படிப்பட்ட அணி அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து நம்மிடம் ஒரே ஒரு கோல்தான் அடிக்க முடிந்தது. ஃபட்டோர்டாவில் லான்சரோத்தே அடித்தார், அனிருத் தாபா சமன் செய்தார். சென்னையில் 3-0. ஜெஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. மூன்று கோலும் இந்தியர்கள் அடித்தது. அதில் ஒருவர் வியாசர்பாடிக்காரர். அரையிறுதியின் நான்கு கோலுமே இந்தியர்களுடையது என்பதை 2018 கட்சிக்காரர்களே அடிக்கடி சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கணேஷைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஹைலைட்ஸில் அவர் அதிகம் தெரியமாட்டார். எதிரணி நடுக்களத்தில் பந்தைத் திருப்பும் நொடியில் அங்கே ஒரு கால் நீளும், அது அவருடையதாக இருக்கும். பின்னால் தடுப்பில் செரேனோவும் மெயில்சனும் அவ்வளவு நிம்மதியாக ஆடியதற்குப் பாதிக் காரணம் முன்னால் அவர் செய்த வேலை. 2017 டிசம்பரில் பெங்களூரு போய் 2-1 என்று ஜெயித்தோமே, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் வெற்றி கோலை அடித்ததும் அவர்தான். லீகில் 40 பாயிண்ட் எடுத்து முதலிடத்தில் முடித்த பெங்களூரு அது. நமக்கு 32.

இறுதிப்போட்டியும் அதே பெங்களூருவோடு, அவர்களுடைய கண்டீரவா மைதானத்தில்தான். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி அடித்துவிட்டார். அவர்களுக்குச் சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், ஒரு கோல் முன்னிலை. அந்த இடத்தில் 2015 அணி பதறியிருக்கும், 2020 அணி எல்லோரையும் முன்னால் அனுப்பியிருக்கும் என்பது என் ஊகம். 2018 அணி கார்னருக்காகக் காத்திருந்தது. 17-வது நிமிடம் மெயில்சன் ஹெட்டர். பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் மறுபடியும் மெயில்சன், மறுபடியும் ஹெட்டர். 67-வது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தது மூன்றாவது. இன்ஜுரி டைமில் மிக்கு ஒன்றைத் திருப்பினார், 3-2. ஸ்கோர் 2015 போலவே தெரியும். ஆனால் பாதி ஆட்டத்திலிருந்து கடைசி வரை நாம் பின்தங்கவே இல்லை.

இன்னொன்று. அந்த இறுதிப்போட்டியில் கோல் அடித்த மெயில்சன், அகஸ்டோ இருவரும் 2015 அணியிலும் இருந்தவர்கள். ஜெஜேயும் அப்படித்தான். 2015-இல் ஆறு கோல், 2018-இல் ஒன்பது. மெண்டோசா புகழ் பாடுகிறவர்கள் இந்த மூன்று பேரை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். இரண்டு கோப்பைக்கும் பொதுவான இந்திய ஸ்ட்ரைக்கர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு அப்படி ஒருவர் வரவில்லை.

மூன்றாவது கட்சியோடு எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. டிக்கெட் வாங்கி ஒரே ஓர் ஆட்டம் பார்க்கலாம் என்றால் நானும் 2020 அணியின் ஆட்டத்தைத்தான் கேட்பேன். அந்த சீசன் தொடங்கிய விதம் பரிதாபம். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்களில் ஐந்து பாயிண்ட், கிரெகரி விலகினார். காயில் வந்தார், அதற்குப் பிறகு ஆடிய 12 ஆட்டங்களில் 24 பாயிண்ட். ஆட்கள் மாறவில்லை, வேகம் மாறியது. கிரிவெல்லாரோ நடுவில் பந்தை வாங்கித் தலையைத் தூக்கும்போதே சாங்டே இடது பக்கம் ஓடத் தொடங்கியிருப்பார், வால்ஸ்கிஸ் டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருப்பார். வால்ஸ்கிஸுக்கு 15 கோல், தங்கக் காலணி. லீகில் அணிக்கு 32 கோல்.

விட்டதோ 26. அங்கேதான் சிக்கல். அரையிறுதியில் சென்னையில் கோவாவை 4-1 என்று அடித்தார்கள். கோயன், தாபா, எலி சாபியா, சாங்டே என்று இரண்டாம் பாதியில் 25 நிமிடத்துக்குள் நான்கு கோல். அப்படி ஒரு ராத்திரி நேரு ஸ்டேடியத்துக்கு மறுபடி வாய்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஃபட்டோர்டாவில் 21 நிமிடத்துக்குள் இரண்டு கோல் விட்டார்கள், கடைசியில் 4-2 தோல்வி. மொத்தம் 6-5 என்று தப்பித்தோம். 2018-இல் கோவாவிடம் ஒரு கோல், 2020-இல் அதே கோவாவிடம் ஐந்து. இறுதிப்போட்டியில் கொல்கத்தாவின் ஏடிகே இந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தது. கொரோனாவால் ஆளில்லாத ஃபட்டோர்டாவில் 3-1 என்று தோற்றோம். (அந்த 6-5 அரையிறுதியில் கோவாவின் பெஞ்சில் இடைக்காலக் கோச்சாக நின்றவர் கிளிஃபர்ட் மிராண்டா. 2025-இல் காயில் போன பிறகு சென்னை கோச்சாக அறிவிக்கப்பட்டவரும் அவரேதான்.)

என் கட்சியின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற இரண்டு கட்சிகளும் சொல்லும். கோப்பை வென்ற அடுத்த சீசனில் கிரெகரியின் அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு, 9 பாயிண்ட் எடுத்துக் கடைசி இடத்தில் விழுந்தது. அதே கோச், தெரிந்த முகங்கள் பல. ஆனால் செரேனோ போய்விட்டார், கணேஷ் காயத்தில், ஜெஜேயின் கோல் வற்றிவிட்டது. மூன்று பேர் இல்லாததில் ஓர் அணியே சாய்ந்தது என்றால் அந்த அணி எதன் மேல் நின்றது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மற்ற இரண்டும் ஒன்றும் பெருமைப்பட வேண்டாம். 2015-க்கு அடுத்த வருடம் மெண்டோசா இல்லாமல் எட்டில் ஏழாவது. 2020-க்கு அடுத்த சீசனில் வால்ஸ்கிஸ் காயிலோடு ஜாம்ஷெட்பூருக்குப் போக, நாம் 20 ஆட்டங்களில் 11 டிரா செய்து எட்டாவது.

இப்போதைய அணியைப் பற்றிய பேச்சில் எனக்குப் பிடிக்காதது இதுதான். தோற்றதும் எல்லோரும் கேட்பது புதிய வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர். கானர் ஷீல்ட்ஸ் பெட்டிக்குள் அத்தனை பந்து அனுப்பியும் யாரும் அடிக்கவில்லையே என்ற ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் நம்முடைய மூன்று நல்ல அணிகளிலும் தடுப்பின் நடுவை வெளிநாட்டுக்காரர்கள்தான் தாங்கினார்கள். மெயில்சன், மெண்டி, பிறகு மெயில்சன், செரேனோ, பிறகு கோயன், சாபியா. நான்கு பேர் விதி வந்த பிறகு அங்கே இரண்டு இடத்தைச் செலவழித்தால் முன்னால் இரண்டுதான் மிச்சம். ஒரு நல்ல இந்திய சென்டர் பேக் கிடைத்தால் ஒரு வெளிநாட்டு இடமே இலவசமாகக் கிடைத்த மாதிரி. மெண்டோசாவைத் தேடுவதை விட்டு அவரைத் தேடினால் என்ன?

உள்ளூர் ஆட்களும் அப்படித்தான். 2018-இல் கணேஷ், 2020-இல் எட்வின் வான்ஸ்பால். அதே 2020-இல் கோப்பையைத் தூக்கிய ஏடிகே அணியில் கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் இருந்தார். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

சரி, மூன்று அணிகளையும் கலந்து இன்றைய விதியில் ஒரு பதினொன்று எழுதுங்கள் என்றால் என் பட்டியல் இது. கோலில் கரன்ஜித், விஷால் கைத் என்று யாராவது சொன்னால் அதிகம் சண்டை போட மாட்டேன். வலது பக்கம் எட்வின், இடது பக்கம் ஜெர்ரி, நடுவே மெயில்சனும் செரேனோவும். நடுக்களத்தில் கணேஷ், தாபா, அகஸ்டோ. முன்னால் சாங்டே, ஜெஜே. வெளிநாட்டு இடத்தில் மூன்று போய்விட்டது, ஒன்று பாக்கி. ஓடுவதற்கு சாங்டே இருக்கிறார், அடிப்பதற்கு ஜெஜே இருக்கிறார், பந்தைக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். கிரிவெல்லாரோவை எழுதுகிறேன். மெண்டோசாவுக்கு இடமில்லை. 2015 கட்சிக்காரர்கள் திட்டலாம். ஆனால் திட்டுவதற்கு முன்னால் அந்த நான்கு வெளிநாட்டுக்காரர்களில் யாரை வெளியே எடுப்பீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.