கால் மெஷினா, கரண்ட் மெஷினா? பல வருடம் கழித்துத் தைக்க உட்காருபவர்களுக்கு

கல்யாணத்துக்கு முன்பு என் பிளவுஸ், சுடிதார் எல்லாவற்றையும் நானேதான் தைத்துக்கொள்வேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் அது நின்றது. பதினான்கு வருடம் மெஷின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிதான் குவிந்து கிடந்தது. போன வருடம் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று தோன்றியபோது முன்னால் மூன்று வழி இருந்தன: அம்மா கொடுத்த கறுப்புக் கால் மெஷினைச் சரிபார்ப்பது, அதிலேயே மோட்டார் மாட்டுவது, அல்லது ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) போடும் புதுக் கரண்ட் மெஷின் வாங்குவது. தங்கை வீட்டில் புது மெஷின் இருந்ததால் மூன்றிலும் தைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேர்த்தையலைப் பொறுத்தவரை பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் இல்லை. மேல் நூலும் அடியில் இருந்து வரும் பாபின் நூலும் துணிக்குள் பின்னிக்கொள்ளும் அதே தையல்தான் இரண்டிலும் விழுகிறது. பிளவுஸ், பாவாடை, காட்டன் சுடிதார், தலையணை உறை எல்லாவற்றுக்கும் அது போதும். அதனால் கால் மெஷினில் தைத்தால் உருப்படி மட்டமாக வரும் என்ற எண்ணம் வேண்டாம்.

நீண்ட நாள் விட்டவருக்கு வித்தியாசம் தெரிவது வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து தைத்தவர்களைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறேன். (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) அவர்களுடைய குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுந்தும், கை துணியை விட்டு நகராது. கழுத்து வளைவு வந்தால் கால் தானாகத் தளரும். கால் மெஷினின் பலமே இதுதான். பிளவுஸின் கைக்குழியில் கையை இணைக்கும்போது ஒவ்வொரு தையலாகப் போகலாம். நினைத்த இடத்தில் நிற்கும்.

ஆனால் அந்தப் பழக்கம் ஒரே நாளில் திரும்பி வராது. எனக்கு முதல் நாள் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருந்தது. தையல் வகுப்பில் செய்த மாதிரி, நூல் கோக்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டிப் பழகினேன். கைச்சக்கரத்தை நம் பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு மிதித்தால் பின்னால் ஓடாது. மூன்று சாயங்காலத்தில் கால் பழையபடி வந்துவிட்டது.

கிடந்த மெஷினை எழுப்புவது பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. என் மெஷின் இறுகிப்போனதற்குக் காரணம் எப்போதோ யாரோ விட்ட தேங்காய் எண்ணெய். அது நாளாக ஆகப் பிசின்போல் கட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒரு நாள் விட்டு, மெஷின் எண்ணெய் போட்டதும் மெஷினின் தலை (மேல்பகுதி) இளகியது. வெடித்துப்போன தோல் பெல்ட்டையும் ஊசியையும் மாற்றினேன். டப்பாவில் கிடந்த பழைய 16-ம் நம்பர் ஊசியை மெல்லிய ரூபியா துணியில் ஓட்டாதீர்கள், ஓட்டை தெரியும். அதற்கு 11, சுமாரான காட்டனுக்கு 14. பழைய நூலையும் இரண்டு கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் தைப்பதற்கு ஆகாது.

மோட்டார் மாட்டுவதுதான் சுலபம் என்று கடையில் சொல்வார்கள். செலவு குறைவு, மாட்டவும் அதிக நேரம் ஆகாது, உண்மைதான். ஆனாலும் திரும்பி வருபவருக்கு முதல் மாதத்தில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெடலைத் தொட்டதும் மெஷின் பாய்கிறது. நேராகப் போகும் பாவாடை ஓரத்துக்கு அது சுகம். கழுத்துப் பட்டியில் அரை அங்குலம் தாண்டிவிட்டால் பிரித்துத் தைக்க வேண்டும், ரூபியாவில் பிரித்த தடம் மறையாது. கை பழகின பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

புது மெஷினிடம் எனக்கு மனப்பூர்வமான மரியாதை வந்தது மூன்று விஷயத்தில். ஒன்று, ஊசிக்குப் பக்கத்தில் எரியும் விளக்கு. நாற்பது தாண்டிய கண்ணுக்கு, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது அது எவ்வளவு பெரிய உதவி என்று தைத்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, முன்பலகையைக் கழற்றினால் ஒல்லியான கை ஒன்று மிஞ்சுகிறது. பிளவுஸின் சின்னக் கை முனையை அதில் மாட்டி, சுற்றி மடித்துத் தைத்துவிடலாம். மூன்றாவது ஜிக்ஜாக். பிசிறு ஓரம் அடங்குகிறது, காஜாவும் எடுக்கிறது. பனியன் துணி தைக்க நினைப்பவருக்கு இது இல்லாமல் முடியாது. நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும், ஜிக்ஜாக் துணியோடு சேர்ந்து நீளும். அதற்கு முனை மழுங்கிய ஊசியும் வேண்டும். காட்டனில் பிசிறு மறைக்கக் கால் மெஷினிலும் வழி உண்டு: வெளிப்பக்கம் ஒரு ஓட்டு, பிசிறை வெட்டிவிட்டு உள்ளே புரட்டி இன்னொரு ஓட்டு.

புதியதில் எனக்குக் குறையாகப் பட்டது கனமான இடங்கள். லைனிங் பிளவுஸின் கொக்கிப் பட்டியும் இடுப்புப் பட்டியும் சேரும் மூலையில் துணி பல மடிப்பாக நிற்கும். இரும்புத் தலை அதை அப்படியே தாண்டுகிறது. ஆறு கிலோ அளவுள்ள புது மெஷின் முனகுகிறது. அங்கே கையால் சக்கரம் சுற்றித்தான் கடந்தேன். ரிப்பேரிலும் பழையதற்கே என் ஓட்டு. கறுப்பு மெஷினின் ஷட்டில், பாபின் கேஸ் மாதிரி பாகங்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். புதியதை அதன் சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டும். விலையும் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் ஆரம்பிக்கிறது.

ஆக, வீட்டில் கால் மெஷின் இருந்து, பிளவுஸும் காட்டன் சுடிதாரும்தான் தைக்கப்போகிறீர்கள் என்றால் அதையே எழுப்புங்கள். முட்டி வலி இருக்கிறது, வைக்க இடம் இல்லை, டீ ஷர்ட் மாதிரி நீளும் துணிகள் தைக்கப்போகிறீர்கள் என்றால் தயங்காமல் புதியது. வேகத்தைக் குறைத்து வைக்கும் பொத்தான் உள்ளதாகப் பாருங்கள். எதை எடுத்தாலும் பழைய அளவுப் பேப்பரை நம்பி வெட்ட வேண்டாம். என் தோளும் கைச்சுற்றும் இந்தப் பதினான்கு வருடத்தில் மாறியிருந்தன. பழைய வேட்டித் துணியில் ஒன்று வெட்டிப் போட்டுப் பார்த்துத்தான் நல்ல துணியில் கத்தரி வைத்தேன்.

இப்போது அம்மாவின் மெஷினில் நான்கு பிளவுஸ் முடிந்துவிட்டது. பனியன் துணியில் ஒரு நைட்டி வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.