ரவுட்டரை அணைத்துப் போட்டால் நெட் வேகம் கூடுமா? செம்புக் கம்பியிலும் ஃபைபரிலும் பார்த்தது

நெட் மெதுவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்." திருச்சியில் ஒரே வீட்டில் முதலில் தொலைபேசிக் கம்பி வழியாக பிராட்பேண்ட், அப்புறம் ஃபைபர் என்று பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பதில் இரண்டு இணைப்புக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. சில சமயம் அணைத்துப் போட்டதாலேயே வேகம் இறங்கிவிடும்.

முதலில் கம்பி. இன்னும் தொலைபேசிக் கம்பி வழியாக நெட் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது முக்கியம். ஏடிஎஸ்எல் 2+ (தொலைபேசிக் கம்பி பிராட்பேண்டில் ஒரு வகை) மோடம் ஆன் ஆனதும் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியோடு பேசத் தொடங்கும். கம்பியின் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சல் எவ்வளவு என்று அளந்து, எதில் எத்தனை பிட் அனுப்பலாம் என்று முடிவு செய்யும். அந்த ஒரு நிமிடத்தில் எடுத்த முடிவுதான், அடுத்த முறை இணைப்பு அறும்வரை பெரும்பாலும் உங்கள் வேகம். ஆகவே எந்த நேரத்தில் ஆன் செய்கிறீர்கள் என்பது பெரிய விஷயம்.

மோடத்தின் உள்பக்கத்துக்குள் போனால், அதாவது பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால், எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஓர் எண் தெரியும். இரைச்சல் கூடினால் தாங்குவதற்காக விட்டுவைத்த இடைவெளி அது. வழக்கமாக 6 டெசிபலை ஒட்டி இருக்கும்படி இணையும். மதியம் ஆன் செய்தால் இரைச்சல் குறைவு, நல்ல வேகத்தில் பிடித்துக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் தொலைதூர மத்திய அலை வானொலிகளின் சிக்னலெல்லாம் கம்பியில் ஏறத் தொடங்கும். மார்ஜின் நான்கு, இரண்டு என்று இறங்கும். ஒரு கட்டத்தில் அறுந்துவிடும். உடனே தானாகவே மறுபடி இணையும், ஆனால் இரவு இரைச்சலுக்கு ஏற்ற குறைந்த வேகத்தில். காலையில் பார்த்தால் மார்ஜின் ஒன்பது, பத்து என்று தாராளமாக இருக்கும். வேகம் மட்டும் ராத்திரி விட்ட இடத்திலேயே நிற்கும். அப்போது அணைத்துப் போட்டால் வேகம் நிச்சயம் ஏறும். ராத்திரி மறுபடி அறும். வீட்டில் வீடியோ காலோ ஆன்லைன் வகுப்போ இருந்தால், அந்தக் குறைந்த வேகத்தையே அப்படியே விட்டுவிடுவது மேல் என்பது என் அனுபவம்.

பிரிட்டனில் தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் கம்பிகளில் இதைக் கண்காணிக்க டிஎல்எம் என்று ஒரு தானியங்கி ஏற்பாடு இருக்கிறது. இணைப்பு அடிக்கடி அறுந்தால் கம்பி சரியில்லை என்று எடுத்துக்கொண்டு மார்ஜினைக் கூட்டும், வேகத்துக்கு வரம்பு வைக்கும். அப்புறம் அது மனம் மாற நாள் கணக்கில் ஆகும். அங்கே செம்புக் கம்பி இணைப்பில் இருப்பவர்கள் வேகம் கூட்டுவதற்காக ஒரே நாளில் திரும்பத் திரும்ப அணைத்துப் போடவே கூடாது.

எங்கள் கம்பியில் உண்மையான கோளாறு இருந்தது வேறிடத்தில். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்தால் தினமும் அறுக்கும். லைன்மேன் அண்ணன் ஏணி போட்டு ஏறி, கம்பத்தில் இருந்த ஜாயின்ட்டைப் பிரித்துக் காட்டினார். முறுக்கிய இடம் முழுக்கப் பச்சையாகக் களிம்பு. அதை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக இணைத்தார். அன்று சாயங்காலமே மார்ஜின் ஏறிவிட்டது. எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தக் களிம்பு போயிருக்காது.

ஃபைபருக்கு வந்த பிறகு கணக்கே வேறு. வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், மோடம் வேகத்தைப் பேசி முடிவு செய்யும் அந்தப் பேரம் கிடையாது. வரும் திசையில் 2.488 கிகாபிட், போகும் திசையில் 1.244 கிகாபிட் என்பது நிலையானது. அதை ஸ்ப்ளிட்டர் (ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் சிறு கருவி) வழியாக 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். உங்கள் திட்டத்தின் வேகத்தை நிறுவனம் தன் பக்கத்தில் கட்டுப்படுத்தும். அணைத்துப் போட்டால் இதில் எதுவும் மாறாது. மாத அளவு தீர்ந்து வேகம் குறைந்திருந்தால் அதுவும் மாறாது.

அப்படியும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வேகம் மாறுவதைப் பார்க்கிறோமே என்றால், அநேகமாக அது வைஃபை. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டரில் வைஃபையின் மெதுவான அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸ் முதலில் எழுந்துவிடும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களைப் பயன்படுத்தும் முன் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்குள் வீட்டில் உள்ள போனும் டிவியும் 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும், பிறகு எளிதில் விடாது. வேகம் பாதியாகத் தெரியும். ரவுட்டரைத் தொட வேண்டாம். போனில் வைஃபையை அணைத்துப் போட்டாலே போதும். 5-ஐ, ரேடார் சோதனை தேவையில்லாத 36 முதல் 48 வரையுள்ள சேனல் ஒன்றில் நிலையாக வைத்துவிட்டேன், இந்தத் தொல்லை போய்விட்டது.

கேபிள் போட்டுப் பார்க்கும்போது வேகம் 94 எம்பிபிஎஸ்ஸில் அசையாமல் நின்றால், அது ஃபைபர் கோளாறு அல்ல. கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் 100-க்கு இறங்கிவிடலாம். கிரிம்ப் செய்த, அதாவது பிளக்கை அழுத்திப் பொருத்திய முனையைப் பாருங்கள்.

ஃபைபர் இணைப்பு தானாக அறுந்தால் பெட்டியில் உள்ள விளக்கைப் பாருங்கள். லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபரில் வரும் ஒளி வீட்டுக்கே வரவில்லை, ரீஸ்டார்ட் வீண். விளக்கெல்லாம் பச்சை, நெட் மட்டும் இல்லை என்றால், திடீரென அணைந்த உங்கள் பழைய லாகின் சர்வரில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஐந்து, பத்து நிமிடம் பொறுங்கள். இரண்டுங்கெட்டான் நிலையும் உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஃபைபரை ஒரு மூலையில் மடக்கி ஆணியடித்துவிட்டார்கள். விளக்கு பச்சைதான், ஆனால் அவ்வப்போது அறுந்தது. பெட்டியின் உள்பக்கத்தில் வழக்கமாக -20 டிபிஎம் காட்டும் ஒளி அளவு -27-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, அதாவது ஒளி மிகவும் மங்கியிருந்தது. கேபிள்காரத் தம்பியிடம் அந்த எண்ணைச் சொன்னதும் மீட்டரோடு வந்து, மடக்கை எடுத்துவிட்டு வளைவாகப் போட்டுக் கொடுத்தார். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லியிருந்தால் பழைய பதில்தான் வந்திருக்கும்.

கடைசியாகக் கரண்ட். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்திலேயே ரவுட்டர் அணைந்து எழும். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் பெரும்பாலும் தாங்கிவிடும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து, அதற்குப் பொருந்தும் மினி யூபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் ஒன்றைக் கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஸ்ப்ளிட்டர் மட்டும் இருந்தால் அதற்கு மின்சாரம் வேண்டாம், மாதாந்திர மின்தடை நாளிலும் நெட் வரும். தெருமுனைப் பெட்டியில் மின்சாரத்தில் ஓடும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்துப் பக்கத்துக் கடையிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால், உங்கள் வீட்டில் யூபிஎஸ் வைத்தும் பயன் இல்லை.