ஸ்மாட்ச்: டிரைவர் நிரலைத் துருவும் கருவி

லினக்ஸ் டிரைவர் (சாதனங்களை இயக்கும் நிரல்) எழுதுகிறவர்கள் ஸ்மாட்ச் ஓட்டாமல் பேட்ச், அதாவது நிரல் மாற்றம், அனுப்பக் கூடாது. டான் கார்ப்பென்டர் உருவாக்கிய இந்த இலவசக் கருவி, ஸ்பார்ஸ் என்ற சி நிரல் சோதனைக் கருவியின் மேல் கட்டப்பட்டது. நிரலை இயக்காமலே, எந்த வரியில் எந்த மாறிக்கு என்னென்ன மதிப்பு வரலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறது.

நிறுவுவது சுலபம். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் நூலகத்தைப் போட்டு, மேக் கட்டளை அடித்து, கூடவே வரும் கேச்செக்கர் ஸ்கிரிப்டிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஓடும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றால் பாதிப் பயன்தான். லினக்ஸின் மையமான கர்னல் முழுவதற்கும் டேட்டாபேஸ் கட்டும் ஸ்கிரிப்டையும் ஓட்டுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். ஒரு ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்பது, அதை அழைக்கும் இடத்துக்கு அப்போதுதான் தெரியவரும். மறுபடி ஓட்ட ஓட்ட அழைப்புச் சங்கிலியில் இன்னும் ஆழமாக இறங்கும்.

பிழை கையாளுதலில் இதற்கு ஈடு கிடையாது. சாதனத்தை டிரைவரோடு இணைக்கும் புரோப் ஃபங்ஷனில் நினைவகம் கிடைக்காமல், கோட்டூ வழியே பிழை லேபிளுக்குத் தாவி வெளியேறுகிறோம், ஆனால் திருப்ப வேண்டிய மதிப்பை வைத்திருக்கும் ரெட் மாறியில் முந்தைய அழைப்பு விட்டுச்சென்ற 0 அப்படியே இருக்கிறது. கர்னல் வெற்றி என்று நம்பி டிரைவரை இணைத்துவிடும். பிறகு எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும். கோட்டூவும் லேபிளும் சரியாக இருப்பதால் படிக்கிறவர் கண்ணில் இது படாது. ஸ்மாட்ச் பிடித்துவிடும். ஐஆர்க்யூ (சாதனக் குறுக்கீடு) எண்ணை, எதிர்மறை ஆகவே முடியாத அன்சைன்ட் மாறியில் வாங்கிவிட்டு "0-க்குக் குறைவா" என்று கேட்பதையும், பிழை எண்ணையே சுட்டியாகத் திருப்பும் ஃபங்ஷனில் நல் (வெற்றுச் சுட்டி) மட்டும் சோதிப்பதையும் சுட்டிக்காட்டும். பயனர் நிரலிலிருந்து தரவை நகலெடுக்கும் காப்பி ஃப்ரம் யூசர், நகலாகாத பைட்டுகளின் எண்ணிக்கையைத்தான் தரும். பிழை என்றால் எதிர்மறை எண் வர வேண்டும் என்பதால், அதை அப்படியே திருப்பி அனுப்பினால், அழைத்தவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்வார். திருப்ப வேண்டியது -14, அதாவது ஈ-ஃபால்ட்.

பஃபர் அளவில் நிலைமை கலவை. 16 இடங்கள் உள்ள வரிசையில் 16-ஆம் குறியீட்டைத் தொட்டால் (0-இல் தொடங்குவதால் கடைசி 15) உடனே சொல்லும். சாதனத்திடமிருந்து வரும் நீளத்தை மட்டும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள். யூஎஸ்பி கன்ட்ரோல் மெசேஜில் 8 பைட் கேட்டால் சாதனம் 3 பைட் தரலாம். திரும்புவது 3. எதிர்மறையா என்று மட்டும் சோதித்தால், நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் தந்த பஃபரின் மீதி 5 பைட்டில் பழைய குப்பை இருக்கும். 5.10 கர்னலில் வந்த, அதே ஃபங்ஷனின் ரிசீவ் வடிவம் குறைந்த பைட்டுகளையே பிழையாக்கிவிடுகிறது, அதற்கு மாறுங்கள். பஃபரில் உரை எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப்பையும் கண்ணால் பாருங்கள்: அது எழுதிய நீளத்தைத் தருவதில்லை, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கும் நீளத்தைத் தருகிறது. அதை நம்பி யூசருக்கு நகலெடுத்தால் பக்கத்து நினைவகமும் சேர்ந்து வெளியே போகும். உண்மையில் எழுதிய நீளத்தைத் தரும் எஸ்சிஎன்பிரிண்ட்எஃப் போதும்.

பொய் எச்சரிக்கைகள் நிறைய வரும். பேட்சுக்கு முன்பும் பின்பும் ஓட்டி, புதிதாக வந்தவற்றை மட்டும் படியுங்கள். அதன்பின் கேசன் என்ற நினைவகப் பிழை கண்டறியும் வசதியை இயக்கிய கர்னலில், ஃபெயில்ஸ்லாப் என்ற சோதனை வசதியை வைத்து நினைவக ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடித்து, ஒவ்வொரு லேபிளுக்குள்ளும் ஒருமுறையாவது போய்வாருங்கள்.